செங்கமலம் லீவு கேட்ட கதை

சேரப்பணஞ்சேரி செங்கமலத்துக்கு உடம்பு முடியாமல் போனதே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். உடம்பு முடியாமல் படுக்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். காய்ச்சல் அடித்தால் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி வேறு பஸ் மாறி, பென்னலூர் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஷூ கம்பெனிக்குப் போய்விடுவாள். தோல் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தலை நிமிராது. புருஷன் கல்குவாரியில் லாரி ஓட்டினவன். ஒருநாள் லாரியோடு ஆந்திரா பக்கம் போனான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அதே குவாரியில் செங்கமலம் ஜல்லி உடைத்தாள். கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்த மகள் எழிலரசி கல்மேட்டு நிழலில் உட்கார்ந்து புழுதியைத் தின்று இருமிக்கொண்டே இருக்கும். அந்த இருமலுக்குப் பயந்துதான், தையல் தெரியும் என்ற ஒரே தைரியத்தில், பிள்ளையைப் பக்கத்து வீட்டு கங்கம்மாளிடம் விட்டுவிட்டு அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றாள்.

ரொம்ப நாள் கழித்து அவளுக்குக் கார்டு கிடைத்தது. இந்தக் கார்டு சமாசாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்குள் நுழைந்ததும் டைம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக அட்டைகள் செருகியிருக்கும். பர்மனென்ட் ஆனவர்களுக்கு மட்டும்தான் அங்கே அட்டை. காலையில் அதை உருவி, கடிகார மெஷினின் வாயில் கொடுத்தால் டிங்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வேலைக்கே வருகிறாயா என்று பக்கத்து மெஷின் சசிரேகா அவளைக் கிண்டல் செய்வாள். சசிரேகாவுக்குக் கார்டு கிடையாது. பென்னலூர்ப் பெண், காண்ட்ராக்டர் ஆளாக வந்தவள். காலையில் வந்து நின்றால் அவளுக்கு மெஷின் உண்டு, நிற்காவிட்டால் அந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிற சுபாவம். செங்கமலத்தை அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு பல நாள் பஸ் கிடையாது, கடை கிடையாது, திரும்பின பக்கமெல்லாம் போலீஸ். கம்பெனியும் மூடிக்கிடந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய ஷூவெல்லாம் பாதி தைத்த தோலாக நின்றுபோனது. மறுபடி திறந்தபோது முதலாளிகளுக்கு லீவு என்ற சொல்லே வேப்பங்காயாகிவிட்டது. மெட்ராஸிலிருந்து சாம்சன் என்று, ஆட்கள் விவகாரம் பார்க்கப் புதுசாக ஒரு பர்சனல் ஆபீசரைக் கொண்டுவந்தார்கள். அவர் வந்ததும் முதல் வேலையாக நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார்.

உடம்பு சரியில்லை என்று லீவு வேண்டுமானால் இனி அதற்கு முறை உண்டு. நோய் தொழிலாளியின் சொந்த உடம்பில் வந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு, மாமியாருக்கு என்பதெல்லாம் கணக்கில் வராது. மறுநாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பெனி டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் எட்டு நாளுக்கு மேல் வராதவர், தானாகவே வேலையை விட்டுப் போனவர். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை எழுதியிருந்த தமிழ், தமிழ் படித்தவர்களுக்கே புரியாத தமிழ். பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு சூப்பர்வைசர் பலராமனைக் கேட்டார்கள். பலராமன் சண்டை சச்சரவுக்குப் போகாத மனுஷன். யாரிடமும் எதையும் முழுதாகச் சொல்லாமலிருப்பதே அவருடைய சாமர்த்தியம். லீவு வேணும்னா எழுதிக் குடுங்க, அவ்ளோதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்க இருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை எழிலரசி உடம்பு நெருப்பாகக் கொதித்தது. குளிப்பாட்டலாமென்று சட்டையைக் கழற்றினால் முதுகில் முத்து முத்தாகக் கொப்புளம். கங்கம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு போய் வேப்பிலைக் கொத்தைக் கொண்டுவந்து நிலைப்படியில் செருகிவிட்டு, அதற்கு மேல் உள்ளே வரவில்லை.

அம்மை போட்ட வீட்டுக்கு என்ன முறை என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது. டாக்டரிடம் போகக்கூடாது, வந்திருப்பவளை ஊசி போட்டு விரட்டுவதா? அசலூர் போய்வந்த ஆள் வீட்டுக்குள் நுழையக்கூடாது. பிள்ளை பக்கத்தில் ஒருத்தி வேப்பிலையால் வருடிக்கொண்டே இருக்க வேண்டும். செங்கமலத்தை விட்டால் வருட வேறு யார் இருக்கிறார்கள்? கங்கம்மாள் வீட்டிலும் குழந்தைகள் உண்டு, அவள் வாசலோடு சரி.

செங்கமலம் ஒன்றும் தெரியாதவளில்லை. போர்டில் ஒட்டிய தாள் அவள் மனதில் இருந்தது. அன்றைக்கே எழிலரசியின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து லீவு லெட்டர் எழுதினாள். தெருவில் கம்பெனிப் பக்கம் போகிற பையன் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடலாமென்று வாசலுக்கு வந்தாள். கங்கம்மாள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"இன்னாடி பண்ற? ஆத்தா வந்து உக்காந்துக்கீற வூட்லேர்ந்து ஒரு துரும்பு வெளிய போவக்கூடாதுன்னு தெரியாதா உனுக்கு? நெருப்பு குடுக்கமாட்ட, உப்பு குடுக்கமாட்ட, கடுதாசி மட்டும் குடுப்பியா? அவ கோச்சிக்கினு கெளம்புனா வெறுங்கையோட போவமாட்டா."

செங்கமலம் திரும்பிப் பாயைப் பார்த்தாள். எழிலரசிக்கு அதற்குள் கண் ரெப்பையிலும் முத்து இறங்கியிருந்தது. தொண்டையிலும் போட்டிருந்ததால் தண்ணீர்கூட விழுங்க முடியாமல், அழுதால் வலிக்குமென்று அழாமல் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தத் தாய்க்குச் சட்டம் பேச வாய் வரும்? லெட்டரைக் கொண்டுபோய் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா ஏன் வரவில்லையென்று பார்க்க ஒரு சாயங்காலம் சசிரேகாவே பஸ் ஏறி வந்துவிட்டாள். வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்தபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சூப்பர்வைசரிடம் நான் சொல்லிவிடுகிறேன், நீ பிள்ளையைப் பார் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி மறுநாள் பலராமனிடம் சொல்லியும் விட்டாள். பலராமன் பக்தியுள்ளவர். கேட்டதும் கைகூப்பி, தண்ணி ஊத்தின பிறகு வரட்டும் என்று உத்தரவு கொடுத்தார். ஆனால் ஆத்தா வந்ததையெல்லாம் கம்பெனி ரிஜிஸ்டரில் எழுதுவார்களா யாராவது? அவர் எழுதவில்லை.

பிள்ளை பிழைக்குமா பிழைக்காதா என்றிருந்த நாட்களைப் பற்றி செங்கமலம் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொப்புளம் வாடிப் பொருக்குக் கட்டியது. முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் எல்லாம் ஊற்றி முடிந்தது. எழிலரசி இரண்டு வாய் மோர்ச்சோறு கேட்டு வாங்கித் தின்றது. அன்று செங்கமலம் அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, மறுநாள் காலை முதல் பஸ் ஏறினாள்.

பலகையில் அவள் அட்டை இல்லை. வேறு வரிசையில் மாற்றி வைத்திருப்பார்களென்று மேலிருந்து கீழ்வரை தேடினாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். டைம் ஆபீஸ் ஆள் அவளைப் பார்க்காமலேயே, சாம்சன் சாரைப் போய்ப் பார் என்றான்.

சாம்சனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், பேச்சிலும் மரியாதை வைத்திருந்தார். எட்டு நாளைத் தாண்டிவிட்டது, ஒரு கடிதம் இல்லை, சர்டிபிகேட் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சூப்பர்வைசருக்குச் சொல்லியனுப்பினேன் சார் என்றாள் செங்கமலம். பலராமனைக் கூப்பிட்டார்கள். அவர் தரையையும் சுவரையும் பார்த்துவிட்டு, சரியா ஞாபகம் இல்ல சார் என்றார். தன் வேலைக்கே ஆபத்து வந்துவிடுமோ என்ற பயம். கைகூப்பியது ஞாபகம் இல்லாமலா போய்விடும் அந்த ஆளுக்கு? செங்கமலத்துக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

யாருக்கு உடம்பு சரியில்லை என்று சாம்சன் கேட்டார். பிள்ளைக்கு என்று சொன்னால் அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் சார், அம்மை போட்டிருந்தது என்றாள். சாம்சன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். விளக்கிக் கவிழ்த்த பித்தளைத் தட்டு மாதிரி, ஒரு பொட்டுத் தழும்பு இல்லாத முகம். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் அவரே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"வர்ற வியாழக்கிழமை, சாப்பாட்டு மணிக்கப்புறம் விசாரணை. டாக்டர் சர்டிபிகேட்டோட வந்துடுங்கம்மா. வரலைன்னா நீங்களா வேலைய விட்டுட்டதா எழுதிடுவாங்க. அப்புறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் இருந்த கம்பெனி டாக்டரிடம் ஓடினாள். வரிசையில் நின்று, அம்மை போட்டு இறங்கிவிட்டது, ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்றாள். டாக்டர் வயதானவர். டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். ஒரு தழும்பாவது காட்டும்மா, எழுதித் தர்றேன் என்றார். அவள் காலில் விழப்போனாள். அவர் எழுந்து தள்ளி நின்றுகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற செங்கமலத்தின் மேல், ஒரகடம் பக்கத்திலிருந்து வந்த ஜல்லி லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அந்தப் புழுதி அவளுக்குப் பழக்கமானது. இனி எழிலரசி மறுபடி அந்தக் கல்மேட்டில்தான் போய் உட்காரப்போகிறது, பிழைத்து வந்ததும் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றையிலிருந்து வியாழக்கிழமை வரை அவள் செய்தது என்னவென்று தெரிந்தால் ஊர் அவளைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருக்கும். பிள்ளை கிடந்த பாயை எடுத்து உதறாமல் அதிலேயே படுத்தாள். துவைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த அதன் துணியை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். பிள்ளை மேல் உதிர்ந்த வேப்பிலையைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். இத்தனை நாளும் போ தாயே, போ தாயே என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள், இப்போது அம்மன் படத்தைப் பார்த்து வா என்றாள். வந்தவள் என் மேலும் ரெண்டு முத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாதா, உனக்கென்ன குறைந்துவிடும் என்று சண்டையே போட்டாள். இதெல்லாம் செய்யவே வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கிடந்த அந்த முதல் நாட்களிலேயே அது அவள் உடம்பில் ஏறிவிட்டிருந்தது. வெளியே தெரிய அதற்கென்று ஒரு நாள்கணக்கு உண்டு.

புதன்கிழமை உடம்பு முறுக்கியது. வியாழக்கிழமை விடிந்து முகம் கழுவும்போது நெஞ்சில் ஏதோ நெருடியது. விலக்கிப் பார்த்தாள். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, தோளில் ஒரு கொத்து. கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் நெற்றி ஓரத்திலும் ஒன்று சிவந்து நின்றது. செங்கமலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோய் வந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஜென்மம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வேப்பிலைக் கொத்தோடு அவள் வாசலுக்கு வந்தபோது கங்கம்மாள் குறுக்கே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போ என்று அதட்டினாள், பிறகு கெஞ்சினாள். ஆத்தாளைச் சுமந்துகொண்டு நிலைப்படி தாண்டின பொம்பளை இந்தத் தெருவிலேயே கிடையாது என்றாள்.

"அவ கோச்சிக்கினா எனுக்குத்தான் அத்தே. வேல பூட்டுதுன்னா புள்ளைக்கு. நீ எழில மட்டும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு செங்கமலம் தாண்டிவிட்டாள்.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்களென்று தெரியும். கூட்டுரோடு வரை நடந்து, நெடுஞ்சாலைப் பக்கம் போகிற ஜல்லி லாரி ஒன்றைக் கைகாட்டினாள். டிரைவர் வேப்பிலையைப் பார்த்ததும் வாயிலிருந்த பீடியை எறிந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பின்னால் கையைக் காட்டினான். வெயிலில் சுட்ட ஜல்லி மேல் உட்கார்ந்து, காய்ச்சலும் குலுக்கலுமாகப் பென்னலூர் போய்ச் சேர்ந்தாள். இறங்கும்போது உடம்பெல்லாம் முத்து எழும்பியிருந்தது.

அது சாப்பாட்டு நேரம். கம்பெனிப் பெண்களெல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள். செங்கமலம் நேராக கேட்டுக்குப் போனாள். பெரிய கதவு லாரி வந்தால்தான் திறக்கும். ஆட்கள் போக வர, சோதனை போட்டு அனுப்பும் சின்னக் கதவு ஒன்று உண்டு. வாட்ச்மேன் அவளைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினான். உள்ளே விடமுடியாது தாயே, ஆபீசரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஓடினான். விசாரணைக்கு வரச் சொன்னார்கள், நான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளச் சொல் என்று அவன் முதுகுக்குப் பின்னால் கத்தினாள். அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சின்னக் கதவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேண்டுமென்றே மறித்து உட்கார்ந்தாள் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. அவளுக்கு அப்போது தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே தெரியாது.

சாப்பாட்டு மணி முடிந்து சங்கு ஊதியது. பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். முன்னால் நின்றவள் செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கழற்றினாள். யாரோ வேப்பமரத்துக் கிளை ஒன்றை ஒடித்துவந்து படியருகே வைத்துவிட்டு விலகினார்கள். சாம்சன் வெளியே வந்தபோது மொத்தக் கூட்டமும் வெறுங்காலோடு தார் ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மெஷின்கள் சும்மா கிடந்தன. உள்ளே வாங்க என்றார். யாரும் அசையவில்லை. பெரிய கதவைத் திறந்துவிடச் சொன்னார். திறந்தார்கள். அப்போதும் அசையவில்லை. கதவா பிரச்சினை? ஆத்தா படியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்துக் கதவு வழியாக நழுவிப் போய் மெஷினில் உட்கார எந்தப் பெண்ணுக்கும் கால் வரவில்லை.

செங்கமலத்துக்கு இதெதுவும் சரியாகக் காதில் விழவில்லை. தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்று கேட்டாளாம். கூட்டம் கும்பிட்டுக்கொண்டு நின்றதே தவிர பக்கத்தில் வரவில்லை. வந்தது சசிரேகா ஒருத்திதான். தூக்குச்சட்டி மூடியில் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்து, உட்கார்ந்து, அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நனைத்த முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இன்னாக்கா இது, ஏன்க்கா வந்தே என்று காதோரம் முணுமுணுத்தாள். தொடாதே, தள்ளிப் போ என்று சொல்ல வேண்டும் என்று செங்கமலத்துக்குத் தோன்றியது. அது நன்றாகவே தோன்றியது. ஆனால் அந்தக் கை குளிர்ச்சியாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

சாம்சன் ஆள் அனுப்பி டாக்டரை வரவழைத்தார். அன்றைக்கு டார்ச் அடித்துத் தழும்பு தேடிய அதே டாக்டர். காரைவிட்டு இறங்காமல், கண்ணாடியை இறக்கிப் பார்த்ததுமே பேனாவைத் திறந்துவிட்டார். எப்போதிலிருந்து என்று போட வேண்டும் என்று சாம்சனைக் கேட்டார். சாம்சன் அவளைப் பார்த்தார், நின்றுபோன வேலையைப் பார்த்தார், வெறுங்காலோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"அந்தம்மாவே சொல்லட்டும் டாக்டர். எப்போலேர்ந்தும்மா உங்களுக்கு உடம்பு சரியில்ல?"

"அந்த ஞாயித்துக்கெழமையிலேர்ந்து சார்" என்றாள் செங்கமலம், சசிரேகாவின் மடியிலிருந்து தலையைத் தூக்கி.

பொய் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பலராமனுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் அது ஒருத்திக்கு உபயோகப்பட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தார். செங்கமலம் அதில் கையெழுத்துப் போட்டதும் வாட்ச்மேன் அதைக் குச்சி நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டு போனான். கம்பெனி ஜீப்பிலேயே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஜீப் கிளம்பிய பிறகுதான் கூட்டம் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனது.

அவளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினவள் கங்கம்மாள்தான். திட்டிக்கொண்டே ஊற்றினாள். உடம்பு தேறி, கம்பெனி முறைப்படி அதற்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் தழும்போடு செங்கமலம் வேலைக்குத் திரும்பினாள். பலகையில் அவள் அட்டை இருந்தது. மெஷின் வாயில் கொடுத்தாள், டிங்கென்றது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று வேகமாக லைனுக்குப் போனாள்.

சசிரேகா மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எங்கே என்று கேட்டதற்கு, அம்மை போட்டிருக்கு அவளுக்கு, நாலஞ்சு நாளாகிறது என்றார்கள். செங்கமலம் பையைக்கூட வைக்காமல் சாம்சன் அறைக்குப் போய் நின்றாள். இப்போது அவளுக்கு எல்லா முறையும் அத்துப்படி. இன்றைக்கே எழுத்தில் கொடுக்கிறேன் சார், டாக்டரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டுகிறேன், சொந்த உடம்பில்தான் வந்திருக்கிறது, பொய்யே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சாம்சன் ரிஜிஸ்டரை எடுக்கவே இல்லை. கார்டு உள்ளவர்களுக்குத்தான் லீவு என்ற பேச்சு. காண்ட்ராக்டர் ஆளுக்கு எதிலிருந்து லீவு கொடுப்பது என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரே இந்தக் கம்பெனியில் எங்கேயும் இல்லையே அம்மா என்றார். அவள் கிட்ட வந்து எனக்குத் தண்ணி குடுத்தா சார் என்றாள் செங்கமலம். பார்த்தேன் என்றார் சாம்சன்.

எழிலரசி கங்கம்மாள் வீட்டில் இருக்கும் தைரியத்தில், சாயங்காலம் பென்னலூருக்குள் நடந்து போனாள். சசிரேகா வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்டு இறங்கினவள் உள்ளே போகலாம் என்று அந்த வீட்டில் ஒருத்தி வழிவிட்டாள். பாயில் கிடந்த உருவத்தின் முகம் தெரியாத அளவுக்குப் போட்டிருந்தது. கண் திறக்க முடியவில்லை. செங்கமலம் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையை எடுத்து வருட ஆரம்பித்தாள். குரலை வைத்து சசிரேகா கண்டுபிடித்துவிட்டாள். அட்டை கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டாள். கிடைத்தது என்றதும் உதடு கொஞ்சம் அசைந்தது, சிரித்திருப்பாள்.

"எக்கா, சூப்பர்வைசராண்ட சொல்லிட்டியா, எனுக்கு ஒடம்பு முடியலன்னு?"

"சொல்லிட்டேன்டி."

"எழுதிக்கினாங்களா?"

செங்கமலம் வேப்பிலைக் கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எழுதிக்கினாங்க" என்றாள் செங்கமலம். "நீ தூங்கு. மூணாந்தண்ணி ஊத்துனப்புறம் வரலாம்னு சொன்னாங்க."

சசிரேகா நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செங்கமலம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வருடிக்கொண்டிருந்தாள்.